பட்டம் கவர்னருக்கு, பட்ட பாடு யாருக்கு?

தொழிற்சாலைகள் சூழ்ந்த திருப்பெரும்புதூருக்கு மேற்கே, காஞ்சியை அடுத்த புள்ளலூரில் இரு தூண்கள் நிற்கின்றன. 1781 போரில் மாண்ட ஆங்கிலத் தளபதிகளுக்காம்!

அந்தப் போரை மூட்டியது யார்? 1778இல் கும்பெனி பிரெஞ்சுக்காரரின் புதுச்சேரியைப் பிடித்தது. அதற்காக 1779இல் சென்னைக் கவர்னர் தாமஸ் ரம்போல்டுக்குப் பட்டம்! அதே ஆண்டு, ஐதர் அலி எச்சரித்தும் மாகியைப் பறித்தனர். 1780 ஏப்ரலில் கவர்னர் கப்பலேறினார். ஜூலையில் ஐதர் படை ஆர்க்காட்டுச் சீமையில் புகுந்தது. செப்டம்பரில் இதே புள்ளலூரில் பெய்லியின் படை வீழ்ந்தது. ஊர்கள் எரிந்தன, உழவர் ஓடினர்.

கவர்னர் என்ன ஆனார்? பதவி பறிபோயிற்று, பார்லிமெண்டு விசாரித்தது, 1783இல் அதுவும் கைவிடப்பட்டது!

வாசகத் தோழரே! கவர்னருக்குப் பட்டம், தளபதிகளுக்குத் தூண், வீடிழந்த உழவனுக்கு ஒரு கல்லேனும் உண்டா? வல்லரசுகள் மோதினால் வேவது நம் வயலே. அதை மறப்பவன் மீண்டும் வேவான்!