பழிவாங்கும் நாயகனும் கோகுல்ராஜின் அம்மாவும்

மனைவியையோ மகளையோ பறிகொடுத்த நாயகன், போலீசும் கோர்ட்டும் கைவிட்டபின் அரிவாள் எடுக்கிறான். அவன் சாய்க்கும் ஒவ்வொருவனுக்கும் அரங்கம் கைதட்டுகிறது. பெரியபாளையத்திலிருந்து கும்மிடிப்பூண்டி சிப்காட்டுக்கு ஷிப்டு போகும் எங்கள் பையன்களின் செல்போனிலும் இந்தக் காட்சிகள்தான். அவர்களைக் குறை சொல்ல மாட்டேன். நியாயம் எட்டாத வாழ்க்கையில், இரண்டரை மணி நேரத்துக்குள் அது கிடைப்பதைப் பார்ப்பது ஓர் ஆறுதல்.

ஆனால் அழுதுகொண்டு நிற்பவனிடம் ஆதாரம் கேட்க யாருக்கும் மனம் வராது. பழிவாங்கும் சினிமாவின் பலமே அதுதான். அந்தப் பலம் சாதியின் கைக்குப் போனால்?

2020 பிப்ரவரியில் மோகன் ஜி இயக்கிய ‘திரௌபதி’ வந்தது. மனைவியையும் மைத்துனியையும் கொன்றதாகச் சிறைக்குப் போன நாயகன், பிணையில் வந்து பழிதீர்க்கிறான். எதிரிகள், பெண்களை வைத்துப் போலித் திருமணப் பதிவு நடத்தும் கும்பல். ‘நாடகக் காதல்’ என்று சாதிச் சங்க மேடைகளில் பல ஆண்டுகளாக முழங்கிவந்த அவதூறுக்கு இந்தப் படம் ஒரு துக்கத்தைத் தைத்துக் கொடுத்தது. அவ்வளவுதான் அதன் வேலை.

படத்துக்கு முன்பே ஊரில் இது அரங்கேறியாயிற்று. 2012 நவம்பர் 7 அன்று, சாதி மறுத்து மணந்த ஒரு பெண்ணின் தந்தை தற்கொலை செய்துகொண்டதை அடுத்து, தருமபுரியில் நத்தம், அண்ணா நகர், கொண்டம்பட்டி குடியிருப்புகளில் 200-க்கும் மேற்பட்ட தலித் வீடுகள் சூறையாடப்பட்டன, எரிக்கப்பட்டன. கொளுத்தியவர்கள் தங்களைக் குற்றவாளிகளாகவா நினைத்திருப்பார்கள்?

2015 ஜூன் 23. திருச்செங்கோடு அர்த்தநாரீசுவரர் கோயிலுக்குத் தோழியுடன் வந்திருந்த ஓமலூர் இளைஞர் கோகுல்ராஜ் கடத்தப்பட்டார். மறுநாள் பள்ளிப்பாளையம் அருகே தண்டவாளத்தில் சடலமாகக் கிடந்தார். முதன்மைக் குற்றவாளி யுவராஜ் தலைமறைவாக இருந்தபடியே வாட்ஸ்அப்பில் குரல்பதிவுகளை வெளியிட்டார். சரணடைய வந்த அன்று ஆதரவாளர் கூட்டம் திரண்டது. ஒரு மாஸ் ஹீரோவின் அறிமுகக் காட்சிக்கு வேறென்ன வேண்டும்?

உண்மையில் பறிகொடுத்தவர் கோகுல்ராஜின் தாய் சித்ரா. அவர் எடுத்தது மனுக்களை. வழக்கு நாமக்கல்லில் நடந்தால் நியாயம் கிடைக்காது என்று உயர்நீதிமன்றம் போனார், விசாரணை மதுரைக்கு மாறியது. சிறப்பு அரசு வழக்கறிஞராக ப.பா. மோகன் வந்தார். முக்கிய சாட்சியான தோழி பிறழ்சாட்சி ஆனார். கோயிலின் சிசிடிவி காட்சிகளை வைத்து வழக்கு நின்றது. 2022 மார்ச்சில் யுவராஜ் உட்பட 10 பேருக்கு ஆயுள் தண்டனை. 2023 ஜூன் 2 அன்று உயர்நீதிமன்றம் யுவராஜ் உட்பட 8 பேரின் ஆயுள் தண்டனையை உறுதிசெய்தது. அதற்கு முன் நீதிபதிகளே அந்தக் கோயிலுக்கு நேரில் போய்ப் பார்த்தார்கள்.

இப்படி முடியும் வழக்குகள் குறைவு என்பது நமக்குத் தெரியும். சட்டத்தின் மீது பக்தி வைக்கச் சொல்லி இதை எழுதவில்லை. வெற்றிமாறனின் ‘அசுரன்’ (2019) பழியைக் காட்டியது, கூடவே அதன் விலையையும் காட்டியது: அண்ணனுக்காகக் கொன்ற சிறுவனும் அவன் குடும்பமும் காடு காடாக ஓடுகிறார்கள். கைதட்டல் என்னவோ இடைவேளைச் சண்டைக்குத்தான் விழுந்தது.

சித்ராவின் ஏழாண்டில் சண்டைக்காட்சி இல்லை. வாய்தாக்கள் இருக்கின்றன, பேருந்துப் பயணங்கள் இருக்கின்றன, மகனைக் கொன்றவர்கள் நிற்கும் அதே வளாகத்தில் காத்திருந்த நாட்கள் இருக்கின்றன. ஆணவக் கொலைக்குத் தனிச்சட்டம் கேட்டு நாம் தெருவில் நிற்பது இந்த ஏழாண்டை அடுத்த தாய்க்குக் குறைக்கத்தான்.