நடுவில் நின்றுபோனால் யார் பொறுப்பு?

பொட்டி தட்ட புனேக்கும் பெங்களூருக்கும் வந்து சேர்ந்த நம்ம மக்களுக்கும், "அப்படி என்னதான் ராத்திரி பதினோரு மணி வரைக்கும் கால்ல பேசுறீங்க?" என்று கேட்கும் வீட்டு ஆட்களுக்கும் சேர்த்தே இந்தப் பதிவு. கொஞ்சம் தொழில்நுட்பம் வரும், பயப்படாதீங்க. கடைசியில் விஷயம் நம்ம வீட்டுப் பணத்தில்தான் வந்து நிற்கும்.

டிஸ்ட்ரிபியூட்டட் டிரான்சாக்ஷன் என்று ஒரு சமாசாரம். ஒரே வேலை இரண்டு மூன்று இடங்களில் நடக்கணும். நடந்தால் எல்லா இடத்திலும் நடக்கணும், இல்லாவிட்டால் எங்கேயுமே நடக்கக் கூடாது. கம்பெனி மென்பொருளில் ஆர்டர் ஒரு டேட்டாபேஸில் பதிவாகும், குடோனுக்கு ஒரு க்யூவில் செய்தி போகும். ஒன்று நடந்து மற்றது நடக்காவிட்டால் வம்பு.

இது நமக்குப் புதுசில்லை. இங்கிருந்துகொண்டே ஊரில் கல்யாணம் ஏற்பாடு செய்தவர்களுக்கு நல்லாவே தெரியும். மண்டபம், சமையல்காரர், நாதஸ்வரம் மூன்றும் ஒரே தேதியில் அமையணும். மண்டபத்துக்கு மட்டும் முன்பணம் கட்டிவிட்டு, பிறகு சமையல்காரர் இல்லை என்றால் என்ன செய்வது? அதனால் முதலில் மூன்று பேருக்கும் போன். "அந்தத் தேதியை எங்களுக்காகப் பிடிச்சு வைங்க, நான் திரும்பக் கூப்பிடறேன்." மூன்று பேரும் சரி என்றால் இரண்டாவது சுற்றுப் போன்: "உறுதி." ஒருவர் முடியாது என்றாலும் மற்றவர்களுக்கு, "வேண்டாம், விட்டுடுங்க."

இதைத்தான் டூ-ஃபேஸ் கமிட் என்கிறோம். ஜிம் கிரே 1978-லேயே தன் குறிப்புகளில் இதை விளக்கி எழுதிவிட்டார். 1991-ல் எக்ஸ்/ஓப்பன் அமைப்பு எக்ஸ்.ஏ. என்ற பெயரில் இதற்கு ஒரு பொது விதிமுறை வெளியிட்டது. ஜாவா ஆட்கள் ஜே.டி.ஏ. என்று கும்பிடுவது இதன் மேல்தான் நிற்கிறது.

சிக்கல் எங்கே? முதல் போனுக்கும் இரண்டாவது போனுக்கும் நடுவில். சரி என்று சொல்லிவிட்ட மண்டபக்காரர் இனி தன் இஷ்டத்துக்குத் தேதியை வேறு யாருக்கும் கொடுக்க முடியாது. நீங்க திரும்பக் கூப்பிடவே இல்லை என்றால் அவர் பாடு திண்டாட்டம். யார் யார் சரி சொன்னார்கள், நீங்க என்ன முடிவெடுத்தீர்கள் என்பது உங்க டைரியில்தான் இருக்கு. டைரி தொலைந்தால்?

கம்ப்யூட்டரில் இந்த டைரிக்குப் பெயர் டிரான்சாக்ஷன் லாக். கான்ஃபிகரேஷன் என்று நாம் செய்வதில் முக்கால்வாசி இந்த டைரியைப் பத்திரப்படுத்துவதுதான், அல்லது அப்படி இருக்கணும். நடப்பது வேறு.

வைல்ட்ஃப்ளை சர்வரை எடுத்துக்கோங்க. அதன் டைரி டிஸ்க்கில் ஒரு ஃபோல்டர். கன்டெய்னரில் ஓட்டும்போது அந்த ஃபோல்டரை நிரந்தர டிஸ்க்கில் வைக்காவிட்டால், கன்டெய்னரை அழித்துப் புதுசு கிளப்பும்போது டைரியும் காலி. அடுத்தது, ஒவ்வொரு சர்வருக்கும் நோட் ஐடென்டிஃபையர் என்று தனி அடையாளம் வேணும். சும்மா விட்டால் எல்லாவற்றுக்கும் "1"தான். இது ஆபத்து என்று சர்வரே கிளம்பும்போது எச்சரிக்கும். அந்த வரியை யார் படிக்கிறார்கள்? ஒரே அடையாளத்தோடு இரண்டு சர்வர் ஓடினால், ஒன்று பாதியில் வைத்திருக்கும் வேலையை இன்னொன்று தன்னுடையது என்று நினைத்து ரத்து செய்துவிடலாம்.

போஸ்ட்கிரெஸ் இன்னும் கறார். இந்த வசதியை அணைத்தே வைத்துத்தான் தருகிறது. தேவை என்றால் நீங்களே எண் போட்டுத் திறக்கணும். பாதியில் நிற்கும் டிரான்சாக்ஷன் பூட்டுகளை விடாது, பழைய குப்பையைக் கூட்டவும் விடாது என்பதுதான் காரணம். ஆரக்கிளில், விழுந்து எழுந்த பிறகு நிலுவையில் உள்ளதைப் பார்க்க அந்த யூசருக்குத் தனி அனுமதி தரணும். அது இல்லாவிட்டாலும் நல்ல நாளில் எல்லாம் அழகா ஓடும். விழுந்த அன்றைக்குத்தான் குட்டு வெளியாகும்.

என் கருத்து இதுதான்: இந்தக் கான்ஃபிகரேஷன் ஒரு தொழில்நுட்ப வேலையே இல்லை, பொறுப்பைப் பிரித்துக் கொடுக்கிற வேலை. நடுவில் நின்றால் யார் காத்திருப்பது, எவ்வளவு நேரம், யார் வந்து முடிச்சை அவிழ்ப்பது என்று அந்த நாலு வரி ஃபைல்தான் தீர்மானிக்குது. நான் பார்த்த பல ப்ராஜெக்ட்டுகளில் அந்த ஃபைல், கோ-லைவுக்கு முந்தின வாரம், புதுசா சேர்ந்த பையன் கையில் போகும். எதையோ பார்த்து எடுத்து ஒட்டுவான். ஓடும். எல்லாரும் கை தட்டிவிட்டுப் போவோம். இரண்டு கட்டத்துக்கும் நடுவில் வேண்டுமென்றே சர்வரைச் சாகடித்து, திரும்ப எழும்போது கணக்கு சரியா இருக்கா என்று பார்க்காமல் கையெழுத்துப் போடக் கூடாது என்பேன். அரை நாள் வேலைதான்.

"எக்ஸ்.ஏ. எல்லாம் தாத்தா காலத்துச் சரக்கு, இப்ப சாகாதான்" என்று அடிக்க வருவீங்க, தெரியும் :-) சாகாவும் 1987-லேயே கட்டுரையாக வந்த சரக்குதான். அதில் எல்லாரையும் பிடித்து வைப்பதில்லை. ஒவ்வொன்றாக முடித்துக்கொண்டே போய், இடறினால் முன்னால் செய்ததற்கு எதிர்வேலை செய்வது. நல்ல வழிதான், கம்பெனி விட்டுக் கம்பெனி போகும்போது வேறு வழியும் இல்லை. ஆனால் எதிர்வேலையே இடறினால்? மறுபடி அதே கேள்வி. பெயர்தான் மாறியிருக்கு.

இப்ப வீட்டுப் பணத்துக்கு வருவோம். யு.பி.ஐ.யில் அம்மாவுக்குப் பணம் அனுப்புறீங்க. நம்ம கணக்கில் கழிந்துவிட்டது, அங்கே அம்மா, "இன்னும் வரலியேப்பா" என்கிறார். ஆஸ்பத்திரி கவுண்டர் முன்னால் நின்றுகொண்டு கேட்கும்போது அந்தப் பத்து நிமிஷம் எவ்வளவு நீளம் என்று வெளியூரில் இருக்கும் நமக்குத்தான் தெரியும். இரண்டு வங்கிகள் ஒன்றையொன்று பிடித்து வைத்துக் காத்திருக்க முடியாது. இங்கே கழித்து, அங்கே சேர்த்து, முடியாவிட்டால் திருப்பிப் போடுவதுதான் வழி.

இதில் ரிசர்வ் வங்கி 2019 செப்டம்பரில் செய்த காரியம் எனக்குப் பிடிக்கும். அங்கே சேர்க்க முடியாவிட்டால், பெறும் வங்கி அடுத்த நாளுக்குள் திருப்பிப் போடணும். அதற்கு மேல் தாமதமானால் நாளுக்கு 100 ரூபாய், வாடிக்கையாளர் புகார் கொடுக்கக் காத்திருக்காமல். ஏ.டி.எம்.மில் கணக்கில் கழிந்து பணம் வராவிட்டால் 5 நாள் கெடு, பிறகு அதே 100 ரூபாய். யார், எப்போதுக்குள், தவறினால் என்ன என்று மூன்றுக்கும் பதில் இருக்கு. நம்ம கம்பெனி ஃபைல்களில் இல்லாதது இதுதான்.

அதனால் வீட்டு ஆட்களுக்கு: "பெண்டிங்" என்று காட்டினால் பதற்றத்தில் மறுபடி அனுப்பாதீங்க, இரண்டு தடவை போய்விடும். டிரான்சாக்ஷன் எண்ணைக் குறித்து வைங்க, கெடு தாண்டினால் அந்த 100 ரூபாயைத் தயங்காமல் கேளுங்க.

பொட்டி தட்டும் மக்களுக்கு: நாளைக்கு ஆபீஸ் போனதும் ஒரே ஒரு கேள்வி கேளுங்க. பாதியில் நிற்கிற டிரான்சாக்ஷன் பட்டியலை தினமும் காலையில் யார் பார்க்கிறார்கள்? பதிலாக ஒரு ஆளின் பெயர் வரணும். "சிஸ்டம் பார்த்துக்கும்" என்று வந்தால், யாரும் பார்ப்பதில்லை என்று அர்த்தம்.