சாயல்குடியில் வீடு தாமதமாவது ஏன்? சுவரைவிட காத்திருப்புதான் பெரிய செலவு

சென்னை பெரும்பாக்கத்தில் 1,152 வீடுகள். 2021 ஜனவரி 1-ல் அடிக்கல், 2022 மே 26-ல் திறப்பு. பாகங்களைத் தனியாக வார்த்து, கொண்டுவந்து பொருத்தும் 'ப்ரீகாஸ்ட்' முறைதான் அந்த வேகத்துக்குக் காரணம். அதே முறையை சாயல்குடிக்கும் கொண்டுவந்தா என்ன?

அப்படியே கொண்டுவர முடியாது. பெரும்பாக்கத்தில் ஒரே இடத்தில் அடுக்குமாடி. கடலாடி ஒன்றியத்திலோ ஊருக்கு ஊர் சிதறிய தனி வீடுகள். 'கலைஞரின் கனவு இல்லம்' திட்டத்தில் ஒரு வீடு 360 சதுர அடி, சுமார் ரூ.3.5 லட்சம். இதில் கிரேன் வாடகைக்கு எங்கே போவது?

தண்ணீர்தான் சிக்கல்

கம்பி போட்ட கான்கிரீட் கலக்கும் தண்ணீரில், லிட்டருக்கு 500 மில்லிகிராமுக்கு மேல் குளோரைடு இருக்கக் கூடாது என்கிறது இந்தியத் தர விதி ஐஎஸ் 456. உப்புத் தண்ணியில கலந்தா கம்பி துருப்பிடிக்கும், தளம் பெயரும். வார்த்த பிறகும் குறைந்தது 7 நாள் ஈரம் காயக் கூடாது. வெயில் காலத்தில் இன்னும் கூடுதல். குடிக்கவே நல்ல தண்ணி தேடும் ஊரில், ஒவ்வொரு வீட்டு வாசலிலும் இது நடக்குமா?

என்ன செய்யலாம்?

ஒன்றியத்துக்கு ஒரு வார்ப்புக் கூடம் போதும். ரூர்க்கி மத்திய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் உருவாக்கிய முறையில், சிறு கான்கிரீட் பலகைகளையும் உத்தரங்களையும் அங்கே வார்க்கலாம். வீட்டில் அடுக்கி, மேலே கம்பியுடன் மெல்லிய கான்கிரீட் போட்டால் தளம் ரெடி. பெரிய கிரேன் வேண்டாம், முழு சென்ட்ரிங் வேண்டாம். பலகைகளை ஒரே தொட்டியில் ஊறவைக்கலாம். அந்தத் தண்ணியும் மறுபடி பயன்படும்.

ஆனால் கூடம் மட்டும் போதாது. இங்கேதான் 'லீன்' மேலாண்மை வருகிறது. டொயோட்டாவின் தாய்ச்சி ஓனோ பட்டியலிட்ட ஏழு வீண் செலவுகளில் காத்திருப்பும் ஒன்று, தேவைக்கு முன்பே செய்து குவிப்பதும் ஒன்று. சுவர் எழும்பாத வீட்டு வாசலில் பலகை கிடந்தால் அது வேகம் அல்ல, முடங்கிய பணம். எந்த வீடு எந்த மட்டத்தில் இருக்கிறது, அடுத்த வாரம் யாருக்கு என்ன வேண்டும் என்று கொத்தனார், ஓவர்சீயர், பயனாளி மூவரும் வாரம் ஒருமுறை உட்கார்ந்து பேசினாலே பாதிச் சிக்கல் தீரும். தவணைப் பணமும் அந்தப் பட்டியலோடு நடக்க வேண்டும்.

இணைப்புகளில் ஒழுகும் என்ற பயம் நியாயமானதே. உள்ளூர் கொத்தனார்களுக்குப் பயிற்சி தராமல் இதைத் தொடங்கக் கூடாது. அவர்கள் வேலையைப் பறிக்கிற திட்டமாகவும் இது ஆகக் கூடாது. கூடத்தின் முதல் வேலையாட்கள் அவர்களாகவே இருக்கட்டும்.

2030-க்குள் 8 லட்சம் வீடுகள் என்பது தமிழக அரசின் இலக்கு. எண்ணிக்கையைத் தொடுவது ஒன்று. உப்புக் காற்றில் இருபது வருஷம் கழித்தும் தளம் பெயராமல் நிற்பது வேறு. சாயல்குடிக்கு இரண்டாவதுதான் வேண்டும்.