ஆடு நனைகிறதாம், ஓநாய் அழுகிறதாம்!

2020 அக்டோபரில் அமெரிக்காவின் ஆப்பிள் கம்பெனி ஐபோன் 12-ஐ வெளியிட்டபோது ஓர் அறிவிப்பும் செய்தது. இனி போன் பெட்டியில் சார்ஜர் இராது. பூமியைக் காக்கவே இந்த ஏற்பாடு! பெட்டி சிறிதானால் 70 சதவிகிதம் கூடுதலாக அடுக்கி அனுப்பலாம், புகை குறையும் என்று கணக்கும் காட்டியது.

அந்தக் கணக்கு பொய் என்று நாம் சொல்லவில்லை. தேவையற்ற பண்டத்தைச் செய்யாமலிருப்பது நல்லதே. ஆனால் மிச்சமான பணம் எங்கே போயிற்று? ஐபோன் 12-ன் விலை, அதற்கு முந்தைய ஐபோன் 11 வெளிவந்த விலையைவிட அதிகம். சார்ஜர் இல்லாதவர் தனியே காசு கொடுத்து வாங்க வேண்டியதாயிற்று. பெட்டியில் வைத்த வயரின் முனையோ, பல வீடுகளில் கிடந்த பழைய சார்ஜரில் பொருந்தவில்லை. சார்ஜர் இல்லாமல் விற்கக் கூடாதென்று 2022 செப்டம்பரில் பிரேசில் சர்க்கார் தடை விதித்து, அபராதமும் போட்டது.

கழிவைக் குறைக்க நேரான வழி வேறொன்று இருந்தது. எல்லாப் போனுக்கும் ஒரே வகை சார்ஜர் என்பதே அது. ஐரோப்பிய யூனியன் அதைக் கோரியபோது எதிர்த்து நின்றது யார்? இதே ஆப்பிள்தான்! மாற்றினால் கழிவு பெருகுமாம்! 2022-ல் சட்டம் நிறைவேறிற்று. 2023 செப்டம்பரில் ஐபோன் 15 பொதுவான டைப்-சி முனையோடு வந்தது.

காரீயத்தின் கதையும் இதுவே. மின்னணுக் கருவிகளில் காரீயம், பாதரசம், காட்மியம் முதலிய நச்சுப் பொருள்களுக்கு ஐரோப்பாவில் கட்டுப்பாடு வந்தது 2006 ஜூலை 1-ல், சட்டத்தின் நிர்ப்பந்தத்தால். அந்தச் சந்தையை இழக்க மனமில்லாத கம்பெனிகள் உலகெங்கும் தயாரிப்பு முறையை மாற்றின.

லாபத்தோடு ஒத்துப்போகும்போது மட்டுமே முதலாளிக்குச் சுற்றுச்சூழல் நினைவுக்கு வருகிறது. ஒத்துப்போகாத இடத்தில் சட்டம் வந்தாலன்றி அவன் அசைவதில்லை. கண்கூடான உண்மை இது.

பம்ப்செட் மோட்டாரின் காயில் எரிந்தால் நாம் மோட்டாரையா தூக்கி எறிகிறோம்? புதுக் கம்பி சுற்றி மறுபடி ஓட்டுகிறோம். முன்பெல்லாம் போனின் பின்மூடியை நகத்தால் நெம்பிப் பேட்டரியை மாற்றினோம். இன்றோ பெரும்பாலான போன்களில் பேட்டரியைப் பசையிட்டு ஒட்டி மூடிவிடுகிறார்கள். கூலி பாங்கில் விழுந்ததா என்று பார்க்கவும் போன் தேவைப்படும் காலத்தில், பேட்டரி தளர்ந்ததும் புதுப் போன் வாங்கு என்றால், அது உழைப்பாளியின் பல நாள் கூலி அல்லவா?

2022-ல் மட்டும் உலகில் சேர்ந்த மின்னணுக் கழிவு 6 கோடியே 20 லட்சம் டன். அதில் முறைப்படி சேகரித்து மறுசுழற்சி செய்யப்பட்டது கால் பங்குகூட இல்லை. எஞ்சியதில் ஒரு பகுதியை எரித்தும் உடைத்தும் செம்பு பொறுக்குகிறவர்கள் ஏழைகளே. நச்சுப் புகை அவர்கள் நெஞ்சில். லாபம் கம்பெனியின் பெட்டியில்!

ஐரோப்பாவில் 2025 ஜூன் 20 முதல், ஒரு மாடல் போனின் விற்பனையை நிறுத்திய பின்னும் 7 ஆண்டுகளுக்கு உதிரி பாகம் தர வேண்டுமென்று சட்டம் கட்டாயப்படுத்துகிறது. சென்னைக்கு அருகே ஸ்ரீபெரும்புதூரில் நம் பிள்ளைகளின் உழைப்பில் உருவாகும் போனுக்கு அங்கே ஒரு நீதி, இங்கே ஒரு நீதியா?

பேட்டரியை எளிதில் மாற்றும்படி செய்! உதிரி பாகத்தை நியாய விலைக்குக் கொடு! கழிவைப் பிரிக்கும் தொழிலாளிக்குப் பாதுகாப்புக் கொடு! இவற்றைச் சட்டமாக்க வேண்டுமென மத்திய சர்க்காரை வற்புறுத்துகிறோம். ஓநாயின் கண்ணீரை நம்பி ஆடு பிழைத்ததில்லை. சங்கக் கூட்டந்தோறும் இந்தக் கோரிக்கை முழங்கட்டும்!