கைரோபிராக்டிக் நியூராலஜி சர்டிஃபிகேட்டுக்கு லோன் போடலாமா?

பாளையங்கோட்டை, வண்ணாரப்பேட்டை பக்கம் ஆஸ்பத்திரிகள்ல மாசச் சம்பளத்துக்கு இருக்கிற பிசியோதெரபி தம்பி தங்கச்சிங்க இப்போ என்கிட்ட அடிக்கடி கேக்குற கேள்வி இது. "அண்ணே, கைரோபிராக்டிக் நியூராலஜின்னு ஒரு கோர்ஸ். ரெண்டரை லட்சம். பர்சனல் லோன் போட்டுச் சேந்துரட்டுமா?"

ஆசை இருந்தா படிங்க. ஆனா கையில இருக்கிற காசுல படிங்க, கடன் வாங்கிப் படிக்காதீங்க. இதுதான் என் கருத்து. வைத்தியம் நல்லதா கெட்டதான்னு தீர்ப்பு சொல்ல நான் டாக்டர் இல்ல. நான் கணக்குப் பாக்குற ஆளு, கணக்கை மட்டும் சொல்றேன்.

கைரோபிராக்டிக்கை 1895-ல அமெரிக்காவுல டேவன்போர்ட் ஊர்ல டி.டி. பால்மர் ஆரம்பிச்சார். அங்க அது தனித் தொழில். அதுக்குன்னு தனிப் பட்டம், மாநிலத்துக்கு மாநிலம் லைசென்ஸ் எல்லாம் உண்டு. பிரிட்டன்ல 1994-ல தனிச் சட்டமே போட்டாங்க. அந்தப் பட்டத்தை வாங்கினவங்க அதுக்கு மேல நரம்பியல் படிக்கிறதுக்காக வந்ததுதான் இந்த டிப்ளமா எல்லாம். 1979-ல டெட் காரிக் தொடங்கின நிறுவனம் இதுல பெரிய பேர். ஐஸ் ஹாக்கி வீரர் சிட்னி கிராஸ்பி தலையில அடிபட்டு 2011-ல அவர்கிட்ட போனது பெரிய செய்தியாச்சு. கிராஸ்பி நவம்பர்ல மறுபடி ஆட வந்தார், டிசம்பர்லயே தொந்தரவு திரும்பி மறுபடி உட்கார்ந்துட்டார். கோர்ஸ் விக்கிறவங்க முதல் பாதியோட கதையை நிறுத்திருவாங்க!

சரி, நம்ம ஊருக்கு வருவோம். இந்தியாவுல கைரோபிராக்டிக்குக்குத் தனி கவுன்சில் கிடையாது. 2021-ல வந்த துணை மருத்துவத் தொழில்களுக்கான தேசிய ஆணையச் சட்டத்துல பிசியோதெரபி இருக்கு, கைரோபிராக்டிக் இல்ல. அங்க மாடியா இருக்கிற படிப்பை இங்க அஸ்திவாரம் இல்லாம விக்கிறாங்க.

பாளையங்கோட்டை சித்த மருத்துவக் கல்லூரியை நினைச்சுப் பாருங்க. 1964-ல ஆரம்பிச்சது. வர்மம்னா ஆசான் வீட்டுத் திண்ணையில கத்துக்கிற வித்தைன்னு இருந்த தாமிரபரணிக் கரையில, இன்னைக்கு அஞ்சரை வருஷம் பி.எஸ்.எம்.எஸ். படிச்சவர் பதிவு எண்ணோட பலகை வைக்கிறார். எலும்பு, நரம்பு, தொடு சிகிச்சைன்னு பாத்தா ரெண்டும் பக்கத்துப் பக்கத்து சமாச்சாரம்தான். ஆனா ஒண்ணு சட்டத்துக்குள்ள இருக்கு, இன்னொண்ணு இல்ல. இந்த வித்தியாசம் உங்க பாக்கெட்டைத் தொடும் இடம் ஜி.எஸ்.டி.

மருத்துவ சேவைக்கு ஜி.எஸ்.டி. விலக்கு உண்டு. ஆனா அது "இந்தியாவில் அங்கீகரிக்கப்பட்ட மருத்துவ முறை"யில தர்ற சேவைக்கு மட்டும்தான். அலோபதி, சித்தா, ஆயுர்வேதம், யுனானி, ஹோமியோபதி, யோகா, இயற்கை மருத்துவம் எல்லாம் அதுல வரும். பிசியோதெரபிஸ்ட்டைப் பாராமெடிக்குன்னு எடுத்துக்கிறதால நீங்க பிசியோதெரபியா செய்ற வேலைக்கும் பிரச்சினை இல்ல. இப்போ பலகையில "கைரோபிராக்டிக் நியூராலஜி கிளினிக்"னு எழுதி, பில்லுலயும் அதையே போட்டீங்கன்னா? ஒரு நாளைக்கு 16 பேர், ஆளுக்கு 500 ரூபாய், வருஷத்துல 300 நாள்னு வைங்க. 24 லட்சம். பதிவு வரம்பு 20 லட்சத்தைத் தாண்டியாச்சு. இது அங்கீகரிச்ச முறை இல்லைன்னு அதிகாரி எடுத்துக்கிட்டா 18 சதவீதம். அந்த 500-க்குள்ளயே வரி அடக்கம்னு கணக்குப் போட்டாலும் வருஷத்துக்கு 3.66 லட்சம் போயிரும். கோர்ஸ் ஃபீஸை விட அதிகம், அதுவும் ஒவ்வொரு வருஷமும்.

அடுத்தது கடன். ரெண்டரை லட்சம், 15 சதவீத வட்டி, மூணு வருஷம்னா இ.எம்.ஐ. சுமார் 8,670 ரூபாய். மொத்தமா 3.12 லட்சம் கட்டுவீங்க. 22,000 சம்பளம் வாங்குறவருக்கு இது சம்பளத்துல நாப்பது சதவீதம் கிட்ட. படிச்சு முடிச்சா அதே ஆஸ்பத்திரியில சம்பளம் ஏறுமா? ஹெச்.ஆர்.ல ஒரு வார்த்தை கேட்டுப் பாருங்க, பெரும்பாலும் பதில் அங்கேயே தெரிஞ்சிரும்.

நரம்பியல்தான் இஷ்டம்னா எம்.பி.டி. நியூராலஜி இருக்கே. பல்கலைக்கழகப் பட்டம், ரெண்டு வருஷம், பக்கவாதம் வந்தவங்க, பார்க்கின்சன் உள்ளவங்களை நேர்ல பாத்துப் பழகலாம். அதுக்குப் பேங்க்ல கல்விக்கடன் வாங்கினா, பழைய வரி முறையில இருக்கிறவங்களுக்கு வட்டி முழுசுக்கும் எட்டு வருஷம் வரை கழிவு கிடைக்கும், நாம 80இ-ன்னு சொல்லிப் பழகினது. அது கடன் வாங்கத் தகுந்த படிப்பு. அலைச்சல் ஜாஸ்திதான், ரெண்டு வருஷச் சம்பளமும் போகும். அதை நான் மறைக்கல.

பிசியோ இல்லாத, லேப்டாப் முன்னாடி உட்கார்ந்து கழுத்து வலி வாங்கின நம்ம மக்களுக்கும் ஒண்ணு. "மடக்"குன்னு சத்தம் வர்ற ரீல்ஸைப் பாத்துட்டுப் பத்து சிட்டிங் பேக்கேஜுக்கு முன்பணம் கட்டாதீங்க. கழுத்தைத் திருப்பிச் சொடக்குறதுல, அபூர்வமா இருந்தாலும், ரத்தக்குழாய் கிழிஞ்சு பக்கவாதம் வந்த கேஸ்கள் மருத்துவ இதழ்கள்ல பதிவாகியிருக்கு. கை மரத்துப் போகுது, நடை தள்ளாடுதுன்னா ஹைகிரவுண்ட் பெரியாஸ்பத்திரி இருக்கு, ஓ.பி. சீட்டு வாங்கி டாக்டரைப் பாருங்க.

ஏற்கனவே ஃபீஸ் கட்டிச் சேந்துட்டவங்க பதற வேண்டாம். கத்துக்கிட்டதைக் கையில வச்சுக்கோங்க. பலகையிலயும் பில்லுலயும் மட்டும் உங்க பி.பி.டி. பட்டமும் "பிசியோதெரபி"ங்கிற வார்த்தையும் இருக்கட்டும். "நியூராலஜிஸ்ட்"னு போடவே போடாதீங்க.