நிற்காத விக்கல்



விக்கல் எடுத்தால், "யாரோ நினைக்கிறார்கள்" என்று சிரித்துக்கொண்டே ஒரு செம்பு தண்ணீரை நீட்டுவது நம் இல்லங்களின் வழக்கம். பிள்ளைகளுக்கு நாவில் சிறிது சீனியை இடுகிறோம். அவசரமாக உண்டதால் வந்த விக்கல் அவ்வளவில் அடங்கிவிடும், அதனால் தீங்கொன்றுமில்லை.

ஆயின் விக்கலுக்கு மற்றொரு முகமும் உண்டு. வள்ளுவர் நிலையாமை அதிகாரத்தில் அதனை மரணத்துக்கு முன் வரும் ஒன்றாகவே காட்டுகிறார். குமாரலிங்கபுரம் போன்ற நம் கரிசல் காட்டு ஊர்களிலும், முதியவருக்கு விக்கல் நீடித்தால், "இனி அவ்வளவுதான்" என்று எண்ணி உற்றாருக்குச் சொல்லியனுப்புவோர் உளர். சிரித்து ஒதுக்குவதும் தவறு. கைவிட்டு அமர்வதும் தவறு. ஏனென்று பார்ப்போம்.

மார்புக்கும் வயிற்றுக்கும் நடுவே உதரவிதானம் என்ற தசை விரிந்திருக்கிறது. அது திடுமெனச் சுருங்க, மூச்சு உள்ளே பாய, குரல்வளை அக்கணமே மூடிக்கொள்கிறது. அந்த ஓசையே விக்கல். இதனை ஆள்வது மூளையின் அடித்தண்டிலுள்ள முகுளம். மூச்சு, விழுங்குதல், வாந்தி ஆகியவற்றை நடத்தும் இடமும் அதுவே. ஆகவே அங்கே கோளாறு நேர்ந்தால் விக்கல் ஓயாமல் வரக்கூடும்.

நீடித்த விக்கலெல்லாம் மூளை நோயன்று. திருத்தந்தை பன்னிரண்டாம் பத்திநாதர் 1954-ல் வயிற்று நோயால் வாடியபோது விக்கலும் அவரைப் பெரிதும் வருத்தியது. சிறுநீரகக் கோளாறு, குடிப்பழக்கம், சில மருந்துகள் ஆகியவையும் இதற்குக் காரணமாகலாம். அமெரிக்காவின் அயோவா மாநிலத்தைச் சேர்ந்த சார்லஸ் ஆஸ்பர்ன் என்ற விவசாயிக்கு 1922-ல், பன்றியொன்றை எடைபோட முயன்றபோது தொடங்கிய விக்கல், 1990 வரை 68 ஆண்டுகள் நீடித்தது. விழுந்ததில் மூளையின் சிறு இரத்தக்குழாய் ஒன்று வெடித்ததே காரணமென மருத்துவர் கூறியதாக அவர் சொல்லிவந்தார்.

முகுளத்தைத் தாக்கும் இரு நோய்களை நம் குடும்பங்கள் அறிந்திருத்தல் நலம். ஒன்று, ஜெர்மானிய மருத்துவர் அடால்ஃப் வாலன்பெர்க் 1895-ல் விளக்கிய பக்கவாதம். இதில் கைகால்கள் விழாமலே இருக்கலாம். ஆதலால் குடும்பத்தார் ஏமாந்துபோகின்றனர். தலைசுற்றல், வாந்தி, தள்ளாட்டம், குரல் கம்மல், முகத்தின் ஒரு பாதியிலும் உடலின் மறுபாதியிலும் உணர்ச்சிக் குறைவு, விழுங்க இயலாமை ஆகியவற்றோடு விக்கலும் சேர்ந்து வரும்.

மற்றொன்று, பிரெஞ்சு மருத்துவர் டெவிக் 1894-ல் எடுத்துரைத்த நோய். கண் நரம்பையும் தண்டுவடத்தையும் தாக்கும் இது பெண்களுக்கே மிகுதியாக வருகிறது. சிலருக்கு நாட்கணக்கில் நிற்காத விக்கலும் வாந்தியுமே இதன் முதல் அறிகுறி. வயிற்றைச் சோதித்தால் குறையேதும் தென்படாது. விக்கல் தானே நின்றும் போகும். பின்னரோ பார்வை மங்கலாம், கால்கள் செயலற்றுப் போகலாம். இதனைக் கண்டறிய உதவும் எதிர்ப்பொருள் 2004-ல் கண்டுபிடிக்கப்பட்டது. இன்று இரத்தப் பரிசோதனையால் நோயை அறிந்து, உரிய மருந்தால் பார்வையையும் நடையையும் காக்க வழியுண்டு.

எனவே மூன்று காரியங்களை மனத்தில் பதித்துக்கொள்ளுங்கள். முதலாவது, 48 மணி நேரத்துக்கு மேல் விக்கல் நிற்காவிடில் மருத்துவரிடம் செல்லுங்கள். விக்கலை நிறுத்தும் மாத்திரையைக் கடையில் நீங்களாகவே வாங்கிக் கொடுக்காதீர்கள். இரண்டாவது, மேற்கூறிய பக்கவாதக் குறிகள் தோன்றினால் இரண்டு நாள் காத்திராமல் உடனே 108-ஐ அழையுங்கள். இரத்தக் கட்டியைக் கரைக்கும் மருந்தைப் பொதுவாக நாலரை மணி நேரத்துக்குள் செலுத்தவேண்டும். அருப்புக்கோட்டைக்குப் போய்ச் சேரும் நேரமும் அந்தக் கணக்கில் அடங்கும்.

மூன்றாவது நம் அன்பே செய்யக்கூடிய தீங்கு. விக்குகிறாரே என்று பரிந்து, விழுங்க இயலாதவரின் வாயில் தண்ணீரையோ பாலையோ ஊற்றுகிறோம். அது நுரையீரலுக்குள் இறங்கி உயிருக்கே உலை வைக்கும். நாம் இறுதி உபசாரமாக எண்ணி ஊற்றும் பாலே இறுதிக்குக் காரணமாகிவிடலாகாது. மருத்துவர் சோதித்துச் சொல்லும்வரை வாயில் எதுவும் ஊற்றாதீர்கள்.

நோயில் பூசுதலுக்காகக் குருவை அழைக்க வேண்டாமா என்று கேட்பீர்கள். தாராளமாக அழையுங்கள், நள்ளிரவாயினும் வருவோம். அவஸ்தைப்பூசுதல் என்ற பழைய பெயரால், அது சாகிறவர்களுக்கு மட்டுமே உரியதென்ற எண்ணம் நம்மிடையே வேரூன்றிவிட்டது. நோயாளி தேறி எழவேண்டுமென்று மன்றாடும் அருட்சாதனமன்றோ அது! அந்த மன்றாட்டைச் சொல்லிவிட்டு வண்டியை அழைக்காதிருப்பது முறையாகாது. குருவுக்கு ஆளனுப்பும்போதே வண்டிக்கும் சொல்லியனுப்புங்கள். வண்டி முந்திவிட்டால் நமக்காகக் காத்திராதீர்கள். நாம் மருத்துவமனைக்கே வந்து பூசுவோம்.