விறகை விற்போம், ஈரத்தை விற்க வேண்டாம்



வீட்டிலிருந்தபடியே செய்யும் தொழில் என்றதும் தையல், பலகாரம், கோழி வளர்ப்பு என்று மூன்று நான்கு பெயர்களைத்தான் சொல்லிப் பழகிவிட்டோம். விறகு வியாபாரம் என்று யாரும் சொன்னால் முகம் சுளிக்கிறோம். அது வறுமையின் கடைசிப் படி என்று ஓர் எண்ணம். ஆனால், வளவில் வெயிலும் காற்றும் படுகிற சிறு இடமும், கொஞ்சம் பொறுமையும் உள்ள குடும்பத்துக்கு இது நல்ல தொழில். பொறுமை என்பதை அலங்காரத்துக்காகச் சொல்லவில்லை. இந்தத் தொழிலின் முதலீடே அதுதான்.

விறகு விற்பது இழிவு என்று நினைப்பவர்கள் அபூதாவூதில் அனஸ் (ரலி) அவர்கள் வழியாக வரும் சம்பவத்தைப் படித்துப் பார்க்க வேண்டும். அன்சாரித் தோழர் ஒருவர் உதவி கேட்டு வந்தார். வீட்டில் இருந்த ஒரு விரிப்பையும் ஒரு பாத்திரத்தையும் எடுத்துவரச் செய்து, நபி (ஸல்) அவர்கள் அவற்றை ஏலத்தில் இரண்டு திர்ஹத்துக்கு விற்றுக் கொடுத்தார்கள். ஒரு திர்ஹம் வீட்டுச் சாப்பாட்டுக்கு, மற்றது கோடரிக்கு. கோடரிக்குப் பிடி போட்டுக் கொடுத்ததும் அவர்களின் கையேதான். பதினைந்து நாள் கழித்து வந்த அந்தத் தோழரிடம் பத்து திர்ஹம் சேர்ந்திருந்தது. இந்த அறிவிப்பாளர் தொடர் பற்றி ஹதீஸ் கலையினர் சிலர் பேசியிருக்கிறார்கள். ஆனால் பிறரிடம் கையேந்துவதைவிட விறகுக் கட்டை முதுகில் சுமந்து விற்பது மேல் என்ற கருத்துள்ள ஹதீஸ் புகாரியிலேயே இருக்கிறது. ஆகவே, வெட்கப்பட இடமில்லை.

வாங்க ஆள் இருக்குமா என்று கேட்பீர்கள். 2012ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீட்டின்படி நம் நாட்டில் நான்கில் மூன்றுக்கும் மேற்பட்ட வீடுகள் விறகில்தான் சமைத்தன. 2022 ஏப்ரலில் 12.5 கிலோ எரிவாயு சிலிண்டர் 4,860 ரூபாவுக்கு ஏறியபோது, மாடி வீட்டுக்காரர்களும் மூன்று கல் வைத்து அடுப்பு மூட்டியதை நாம் கண்டோம். அந்த நெருக்கடி தணிந்தாலும் பேக்கரிகள், சாப்பாட்டுக் கடைகள், வலீமா சமைப்பவர்கள், பள்ளிவாசல் கஞ்சி என்று விறகு தேடுகிறவர்கள் குறையவில்லை. றப்பர் தோட்டப் பகுதிகளில், பால் வற்றி மறு நடுகைக்காக வெட்டும் மரம் கிடைக்கும். தெற்கில் பட்டை உரித்த கறுவாக் குச்சி கிடைக்கும். மற்ற இடங்களில் மரக்காலைத் துண்டுகள், தென்னை மட்டை, வேலிக் கிளிசரியா. வெட்ட வெட்டத் துளிர்க்கிற இந்தக் கிளிசரியாவை 2005இல் தேயிலை, றப்பர், தென்னைக்கு அடுத்த நான்காவது தோட்டப் பயிராக அரசாங்கம் அறிவித்தது. அதை வெறும் வேலி மரம் என்று நினைத்துவிட வேண்டாம்.

இனிக் கணக்குக்கு வருவோம். இதை ஒரு கொப்பியில் எழுதிப் பாருங்கள். புதிதாக வெட்டிய மரத்தின் நிறையில் கிட்டத்தட்டப் பாதி தண்ணீர். 100 கிலோ பச்சை விறகு வாங்கினால் 50 கிலோ மரத்துக்கும் 50 கிலோ தண்ணீருக்கும் காசு கொடுக்கிறோம். நன்றாக எரிய வேண்டுமானால் ஈரம் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் இருக்கக் கூடாது. அந்த அளவுக்குக் காய்ந்ததும் 100 கிலோ என்பது 62 அரை கிலோ ஆகிவிடும். ஓர் உதாரணத்துக்கு, கிலோ 15 ரூபா வீதம் 1,500 ரூபாவுக்கு வாங்கியிருந்தால், காய்ந்த விறகில் கிலோவின் அடக்க விலை 24 ரூபா. வெட்டுக்கூலியும் லொறிக் கூலியும் இன்னும் சேரவில்லை. “15க்கு வாங்கி 20க்குக் கொடுக்கிறேன், கிலோவுக்கு 5 ரூபா இலாபம்” என்று கணக்குப் போட்டவர் ஆறு மாதத்தில் கடையைப் பூட்டுவது இதனால்தான். பூட்டாமல் தப்பியவர் சிலர் வேறு வழி பிடித்திருப்பார். காயும் முன்பே நிறுத்து விற்றுவிடுவது, அல்லது கட்டின் வெளிப்புறத்தில் காய்ந்ததை அடுக்கி நடுவில் பச்சையைச் செருகுவது.

தானியக் குவியலுக்குள் நபி (ஸல்) அவர்கள் கையை விட்டு, உள்ளே ஈரம் இருக்கக் கண்ட சம்பவத்தை மதரஸாவில் ஓதும் பிள்ளைகளும் சொல்வார்கள். ஸஹீஹ் முஸ்லிமில் பதிவான அந்தச் சம்பவத்தில் வியாபாரி மழையைக் காரணம் காட்டினார். நனைந்ததை ஆட்கள் பார்க்கும்படி மேலே வைத்திருக்கலாமே என்பதுதான் அவருக்குக் கிடைத்த பதில். நனைந்தது குற்றமல்ல, மறைத்ததுதான் குற்றம். விறகுக் கட்டுக்கு இதைவிடப் பொருத்தமான உதாரணம் எனக்குத் தெரியவில்லை. அந்த ஈர விறகு யார் வீட்டுக்குப் போகிறது என்றும் யோசியுங்கள். உங்களைப் போன்ற ஒரு பெண்தான் விடியற்காலையில் ஊதாங்குழலை வைத்து ஊதுகிறாள். எரிய வேண்டிய சூடு முதலில் தண்ணீரைக் காய்ச்சுவதில் போய்விடுகிறது. மிஞ்சுவது புகை. அவளுடைய கண்ணீரும், பக்கத்தில் தூங்கும் குழந்தையின் இருமலும் நம் இலாபத்தில் சேரக் கூடாது. ஈரமாக இருந்தால் ஈரம் என்றே சொல்லி, விலை குறைத்துக் கொடுங்கள். இடவசதி உள்ளவர்கள் வாங்கிக் காயவைத்துக்கொள்வார்கள்.

“காயும்வரை கையைக் கட்டிக்கொண்டு இருக்கக் காசு வேண்டாமா, மௌலவி?” என்று கேட்கிறீர்கள். நியாயம்தான். இங்கேதான் பல குடும்பங்கள் கிழமைக் கடனில் கால் வைக்கின்றன. வட்டி ஹராம் என்பதை நீங்கள் அறிவீர்கள், அதைத் திரும்பச் சொல்லப் போவதில்லை. தொழிலின் போக்கை மட்டும் பாருங்கள். விறகு காய இரண்டு மூன்று மாதம் போகலாம். கடன்காரரோ அடுத்த கிழமையே வாசலில் நிற்பார். பச்சை விறகை விற்றுவிடச் சொல்லி உங்களைத் தள்ளுவது அந்தத் தவணைதான். அதைவிட, சொந்த வேலியிலும் அயலவர் வளவிலும் கிடைப்பதைக் கொண்டு சிறிதாகத் தொடங்குங்கள். சற்று வசதியுள்ள ராத்தாவோ மச்சியோ பணம் போட, நீங்கள் உழைக்க, இலாபத்தைப் பேசிய விகிதப்படி பிரிக்கும் முளாரபா முறையும் இருக்கிறது. பேச்சை எழுதி வையுங்கள். பேக்கரிக்குக் கடனுக்குக் கொடுத்தாலும் அப்படியே. சூரத்துல் பகராவின் 282ஆம் வசனம் கடனை எழுதிக்கொள்வது பற்றி எவ்வளவு விரிவாகப் பேசுகிறது என்று தர்ஜமாவில் பாருங்கள். சொந்தக்காரன்தானே என்று எழுதாமல் விட்டதால் பேச்சுவார்த்தை முறிந்த குடும்பங்கள் எல்லா ஊரிலும் இருக்கின்றன.

காயவைக்கும் முறை கடினமல்ல. மரத்தின் பட்டை ஈரத்தை வெளியே விடாது. ஆகவே வந்தவுடன் அடுப்பளவுக்கு அறுத்து, பிளந்துவிட வேண்டும். ஈரம் அதிகமாக வெளியேறுவது வெட்டு முகத்தால் என்பதால் குட்டையான துண்டு சீக்கிரம் காயும். பிளக்கும் வேலைக்குக் கூலியாள் பிடியுங்கள், கூலியை அன்றன்றே கொடுத்துவிடுங்கள். தரையில் குவிக்காமல், தென்னங்குற்றியோ கல்லோ வைத்து உயர்த்தி அடுக்க வேண்டும். வெயிலைவிடக் காற்று முக்கியம். மேலே மட்டும் தகரமோ தறப்பாளோ போட்டு, பக்கங்களைத் திறந்து விடுங்கள். சுற்றிவரத் தறப்பாளால் மூடினால் உள்ளே வேர்த்துப் பூஞ்சணம் பிடிக்கும். றப்பர் விறகில் இன்னும் கவனம் தேவை. அதில் மாச்சத்து அதிகம் என்பதால், ஈரத்தோடு கிடந்தால் பூஞ்சணமும் வண்டும் விரைவில் பிடித்துவிடும்.

காய்ந்ததா என்று அறிய இரண்டு துண்டுகளை ஒன்றோடொன்று தட்டிப் பாருங்கள். காய்ந்தது கணீரென்று ஒலிக்கும், ஈரமானது மந்தமாகத்தான் சத்தமிடும். சந்தேகமானால் குசினித் தராசு இருக்கிறதே! ஒரே துண்டில் அடையாளம் போட்டுக் கிழமைக்கு ஒரு தடவை நிறுத்து எழுதுங்கள். நிறை குறைவது நின்றால் அந்த அடுக்கு தயார்.

நிறுத்து விற்காமல் அடுக்கு அளவில் விற்பவர்களுக்கும் ஒரு சொல். நெருக்கமாக அடுக்கிய ஒரு கன மீற்றரிலேயே மூன்றில் ஒரு பங்கு வெற்றிடம்தான். வளைந்த துண்டுகளைக் குறுக்கும் நெடுக்குமாகப் போட்டால் வெற்றிடம் இன்னும் கூடும். சூரத்துல் முதஃப்பிஃபீன் தராசுக்கு மட்டும் இறங்கியது என்று யாரும் நினைக்கக் கூடாது.

மரம் எங்கிருந்து வருகிறது என்பதையும் கேட்டு வாங்குங்கள். அரச காட்டில் வெட்டியது மலிவாகக் கிடைக்கும், வேண்டாம். பலா மரத்தைச் சொந்த வளவிலேகூட அனுமதியில்லாமல் வெட்ட முடியாது, 1951ஆம் ஆண்டிலிருந்தே அதற்குச் சட்டம் உண்டு. எந்த மரத்தை வெட்டவும் ஏற்றவும் அனுமதிப் பத்திரம் வேண்டும் என்பதைப் பிரதேச செயலகத்தில் முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள். லொறியைப் பாதி வழியில் மறித்த பிறகு கேட்பதில் பயனில்லை.

றமழான் கஞ்சிக்கு விறகு கொடுக்க விரும்புகிறவர்கள் நாட்காட்டியைப் பார்த்துக்கொள்ளுங்கள். 2027இல் பெப்ரவரி முற்பகுதியிலும், 2028இல் ஜனவரி பிற்பகுதியிலும், 2029இல் ஜனவரி நடுப்பகுதியிலும் நோன்பு ஆரம்பிக்கும் என்பது கணக்கு. பிறையைப் பொறுத்து ஒரு நாள் முன்பின் ஆகலாம். கிழக்கு மாகாணத்தில் அதற்கு முந்திய மூன்று மாதமும் மழை. ஆகவே கச்சான் காற்று வீசும் மாதங்களிலேயே பிளந்து அடுக்கி, செப்டெம்பர் முடியும் முன் கூரைக்குள் எடுத்துவிட வேண்டும். தினமும் எத்தனை சட்டி கஞ்சி, சென்ற வருடம் எவ்வளவு விறகு முடிந்தது என்பதைப் பள்ளி நிர்வாகத்திடம் வீட்டு ஆண்களை அனுப்பி இப்போதே கேட்டு வையுங்கள். நோன்புக்கு ஒரு கிழமை இருக்கும்போது தேடினால் ஊரில் பச்சை விறகுதான் கிடைக்கும்.